கணக்குக்குப் பயந்து கல்லைப் படிக்கப் போனவர்கள்

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் பெற்றோர் சிலர் நம்மிடம் வந்து ஒரே கோரிக்கையை வைப்பார்கள். "ஹஜ்ரத், பிள்ளைக்குக் கணக்கு மட்டும் வரவே மாட்டேங்குது. கணக்கே இல்லாத படிப்பா ஒண்ணு சொல்லுங்க." நாமும் கணக்கிலிருந்து ஒதுங்கிக் கலைப் பிரிவில் பட்டம் வாங்கியவர்கள்தாம் என்பதால், அவர்களைக் கடிந்து பேச நமக்கு வாய் வருவதில்லை.

இந்தக் கோரிக்கை நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்கக் கல்லூரிகளில் வரலாறு படிப்பவரானாலும் வணிகவியல் படிப்பவரானாலும் பட்டம் பெறுவதற்குள் ஓரிரு அறிவியல் பாடங்களைப் பொதுவாகப் படித்தே ஆக வேண்டும். இயற்பியலையும் வேதியியலையும் கண்டு அஞ்சுகிறவர்கள் அங்கே தேடிப் போகும் புகலிடம், அறிமுக நிலவியல் வகுப்பு. கல்லைப் பார்ப்போம், எரிமலைப் படம் பார்ப்போம், ஒருநாள் மலைக்குச் சுற்றுலா போவோம், பாஸாகி விடுவோம் என்ற எண்ணம். அந்த வகுப்புக்கு அங்கே 'ராக்ஸ் ஃபார் ஜாக்ஸ்' என்று ஒரு கேலிப் பெயரே உண்டு; விளையாட்டே கதியென்று திரியும் மாணவர்களுக்கான கல் பாடம் என்று பொருள்.

(நம் பள்ளிகளில் புவியியல் என்ற பெயரில் நாடுகளும் நதிகளும் தட்பவெப்பமும் சொல்லித் தருகிறார்களே, அது வேறு. பாறைகள், நிலநடுக்கம், நிலத்தடி நீர், பூமியின் வயது, அதன் உள்ளமைப்பு இவற்றை ஆராய்வது நிலவியல். கடலியல் முதலியவற்றையும் சேர்த்துப் புவி அறிவியல் என்பார்கள்.)

வகுப்புக்குள் நுழைந்த இரண்டாம் வாரமே அந்த மாணவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கும். பாறையின் அடர்த்தி என்ன? இந்தக் கண்டத்தட்டு ஆண்டுக்கு எத்தனை சென்டிமீட்டர் நகர்கிறது? நிலநடுக்கம் இங்கிருந்து எத்தனை கிலோமீட்டர் தொலைவில் ஏற்பட்டது? எதைத் தொட்டாலும் கணக்கு. ஆசிரியரின் நிலையோ இன்னும் சங்கடமானது. கணக்கை முழுவதுமாக எடுத்துவிட்டால் பாடம் வெறும் கதையாகிவிடும். வகுப்பிலேயே கணக்கைச் சொல்லித் தர உட்கார்ந்தால் பாடத்துக்கு நேரம் இருக்காது. கணக்குத் தெரிந்த பாதி மாணவர்கள் கொட்டாவி விடுவார்கள், தெரியாத பாதி தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும்.

வேண்டிய கணக்கு, வேண்டிய நேரத்தில்

இந்தச் சங்கடத்துக்கு வழி தேடியவர்களில் மூவர் குறிப்பிடத்தக்கவர்கள். விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்காஷ் பல்கலைக்கழகத்தில் நிலவியல் கற்பித்த ஜெனிஃபர் வென்னர், சியாட்டில் நகருக்குத் தெற்கே உள்ள ஹைலைன் கல்லூரியின் நிலவியல் ஆசிரியர் எரிக் பேயர், அதே கல்லூரியின் கணித ஆசிரியை ஹெலன் பர்ன். இவர்கள் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியுதவியோடு 'தி மேத் யூ நீட், வென் யூ நீட் இட்' என்ற இணையவழிப் பாடத்தொகுப்பை உருவாக்கினார்கள். மினசோட்டா மாநிலத்திலுள்ள கார்ல்டன் கல்லூரியின் அறிவியல் கல்வி மையம் தன் தளத்தில் அதை வைத்திருக்கிறது. வேண்டிய கணக்கு, வேண்டிய நேரத்தில் என்பதே அந்தத் தலைப்பின் பொருள். நமக்குத் தெரிந்தவரை இந்த விஷயத்தில் இதைவிடக் கச்சிதமான தலைப்பு இல்லை.

செயல்முறை எளிமையானது. அடுத்த வாரம் ஆய்வக வகுப்பில் பாறைகளின் அடர்த்தியை அளக்கப் போகிறார்கள் என்றால், அதற்கு முன்பாக மாணவர் வீட்டில் இருந்தபடியே அடர்த்தி பற்றிய பகுதியைத் திறக்கிறார். முதலில் ஒரு சிறு சோதனை. தனக்கு எது தெரியும், எது தெரியாது என்பது அவருக்கே விளங்கிவிடும். பிறகு ஏன் இந்தக் கணக்கு நிலவியலுக்கு வேண்டும் என்ற விளக்கம், படிப்படியான வழிமுறை, விடையோடு பயிற்சிக் கணக்குகள். கடைசியில் மீண்டும் ஒரு சோதனை. யாரும் பார்க்கவில்லை, யாரும் சிரிக்கவில்லை. தெரிந்தவர் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். தெரியாதவர் மூன்று முறை திரும்பப் படிக்கலாம். வகுப்புக்கு வரும்போது இருவரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்பார்கள்.

அலகு மாற்றம், சமன்பாட்டைத் திருப்பி எழுதுவது, வரைபடம் வரைவது, சாய்வு, வேகவீதம், அடர்த்தி, நிகழ்தகவு. பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலும் நம் எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பாடங்கள்தாம். கல்லூரிக்கு வந்தவர்களுக்கு இதையா சொல்லித் தருவது என்று கேட்கத் தோன்றும். கேட்பதற்கு முன் ஓர் எண்ணத்தைக் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தெரிந்த கணக்கை வேறு இடத்தில் பார்த்தால் அடையாளம் கண்டுவிடுவோம் என்பதே அந்த எண்ணம்.

கணித வகுப்பில் நேர்கோட்டின் சாய்வைக் கண்டுபிடித்து முழு மதிப்பெண் வாங்கிய மாணவரிடம், பூமிக்குள் ஆழம் போகப் போக வெப்பம் எப்படிக் கூடுகிறது என்ற வரைபடத்தை நீட்டிப் பாருங்கள். திகைத்து நிற்பார். காரணம் இருக்கிறது. கணித வகுப்பின் வரைபடத்தில் எண்கள் கீழிருந்து மேலாகப் பெருகும். நிலவியலாரோ ஆழத்தைக் கீழ்நோக்கிக் குறிப்பவர்கள். தரைமட்டம் உச்சியில் இருக்கும், கீழே இறங்க இறங்க எண் பெருகும். கிணற்றை வரைபவன் வாயை மேலேயும் அடியைக் கீழேயும்தானே வரைவான்! நிலவியலாருக்கு இது இயல்பு. ஆனால் மாணவரின் கண்ணுக்குக் கோடு தலைகீழாகத் தெரிகிறது. கணித வகுப்பில் பழகிய எதுவும் அவர் கைக்கு வருவதில்லை. மேல்மட்டப் பாறையில் ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் கூடுகிறது என்பது சாய்வன்றி வேறில்லை என்று ஒருவர் விரல் வைத்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

மதரசாவில் இதன் மறுபக்கத்தை நாம் பார்த்திருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் பின்னம் என்றாலே ஓட்டம் பிடித்த பையன், வாரிசுரிமைப் பங்கீட்டுப் பாடத்தில் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, மீதி மகனுக்கு என்றால், இருபத்து நான்காக வைத்து மூன்று, நான்கு, பதினேழு என்று விரலிலேயே பிரித்துச் சொல்லிவிடுவான். எட்டுக்கும் ஆறுக்கும் மீச்சிறு பொதுமடங்கு காண் என்று கேட்டால் அதே பையன் விழிப்பான். பங்கு யாருக்குப் போகிறது என்று தெரிந்தவுடன் கணக்கு அவனுக்கு வசப்பட்டுவிடுகிறது.

ஊசல்குண்டு காட்டிய வித்தியாசம்

அடர்த்தியை எடுத்துக்கொள்வோம். நிறையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி. நிறையும் கன அளவும் கொடுத்தால் எல்லோரும் போட்டுவிடுவார்கள். அடர்த்தியும் நிறையும் கொடுத்துக் கன அளவைக் கேட்டால்தான் சிக்கல். சமன்பாட்டைத் திருப்பத் தெரிய வேண்டும். ஆனால் இந்த ஒற்றை வகுத்தல் எவ்வளவு தூரம் இட்டுச் செல்லும் என்பதற்கு இந்திய மண்ணிலேயே ஒரு வரலாறு இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் இந்தியாவை அளந்த பெரும் நிலஅளவைப் பணியில், வடக்கே கலியானா, தெற்கே கலியான்பூர் என்ற இரு இடங்களுக்கு இடையிலான தூரத்தை இரண்டு வழிகளில் கணக்கிட்டார்கள். நிலத்தில் முக்கோணங்கள் அமைத்து அளந்தது ஒன்று, நட்சத்திரங்களைப் பார்த்து அளந்தது மற்றொன்று. இரண்டுக்கும் இடையே 5.236 விகலை வித்தியாசம் வந்தது. ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு விகலை. அவ்வளவு சிறிய வித்தியாசத்தையும் அவர்கள் விட்டுவிடவில்லை.

கல்கத்தாவில் இருந்த ஜான் ஹென்றி பிராட் என்பவர் இதைக் கையில் எடுத்தார். அவர் கிறிஸ்தவ மதகுரு, கல்கத்தாவின் ஆர்ச்டீக்கன், கணிதத்திலும் வல்லவர். (கணக்கு மதபோதகர்களுக்கு ஆகாது என்று நம்மைக் கேலி செய்யும் நண்பர்களுக்கு இவர் பெயரைத்தான் நாம் சொல்வது.) இமயமலை அவ்வளவு பெரிய பாறைத் திரள், அது அளவைக்காரரின் ஊசல்குண்டைத் தன் பக்கம் சற்றே இழுத்திருக்கும், பிழை அதனால் வந்தது என்று யோசித்து, இமயத்தின் கன அளவையும் அடர்த்தியையும் வைத்து இழுப்பைக் கணக்கிட்டார். விடை 15.885 விகலை என்று வந்தது. உண்மையில் கண்டதைப்போல் மூன்று மடங்கு! மலை கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இழுக்கவில்லை.

1855இல் பிராட்டின் கட்டுரையைப் பார்த்த பிரிட்டிஷ் வானியலாளர் ஜார்ஜ் ஏரி அதற்கு விளக்கம் சொன்னார். கடலில் மிதக்கும் பனிப்பாறைக்கு அடியில் பெரும்பகுதி மறைந்திருப்பதைப் போல, மலைக்கும் அடியில் எடை குறைந்த பாறையால் ஆன வேர் இருக்கிறது. அடர்த்தி மிக்க பாறை இருக்க வேண்டிய இடத்தில் அந்த வேர் இருப்பதால்தான் இழுப்புக் குறைகிறது என்றார். பிராட் பின்னர் வேறொரு விளக்கம் தந்தார். அந்த விவாதம் நீண்டது. ஆனால் இமயத்தைப் பொறுத்தவரை வேர் உண்டு என்பது பின்னாளில் நிலநடுக்க அலைகளின் மூலம் உறுதியாயிற்று.

இப்போது மாணவர் கையில் கணக்கைக் கொடுக்கலாம். கண்ட மேலோட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.8 கிராம் என்றும் அதன் அடியில் உள்ள மூடகத்தின் அடர்த்தி 3.3 கிராம் என்றும் வைத்துக்கொள்ளட்டும். வித்தியாசம் 0.5. திபெத் பீடபூமி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரம். அந்த 5ஐ 2.8ஆல் பெருக்கி 0.5ஆல் வகுத்தால் 28. அதாவது 5 கிலோமீட்டர் மேலே நிற்க, 28 கிலோமீட்டர் கூடுதல் வேர் கீழே வேண்டும். சாதாரண மேலோட்டின் தடிமன் 35 கிலோமீட்டர். 35, 5, 28 மூன்றையும் கூட்டினால் 68. திபெத்தின் கீழ் மேலோடு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தடிமன் என்று நிலநடுக்க அலைகள் சொல்கின்றன. ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல், ஒரு கூட்டல். இதைத் தன் கையால் போட்டுப் பார்த்த மாணவருக்கு அடர்த்தி என்ற சொல் மறக்காது.

இதே கணக்கு நம் கடற்கரை ஊர்களில் கிணற்றடிக்கே வந்து நிற்கிறது. நல்ல தண்ணீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி 1.025. கடலோர மணலுக்கு அடியில் கனமான உப்புநீரின் மேல் நல்ல தண்ணீர் மிதந்துகொண்டிருக்கிறது. இரண்டும் சமநிலையில் இருக்க, வித்தியாசமான 0.025ஆல் 1ஐ வகுக்க வேண்டும்; விடை 40. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் இருந்தால் கடல்மட்டத்துக்குக் கீழே 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும். டச்சுக்காரரான கைபனும் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்டு சொன்ன விதி இது. கேட்க இனிமையாக இருக்கிறது, இல்லையா? கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் வைத்து உறிஞ்சி நீர்மட்டம் ஒரே ஒரு மீட்டர் இறங்கினால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்புநீர் 40 மீட்டர் ஏறி வரும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடியில் புகுந்துவிட்டது ஆய்வாளர்கள் பல காலமாகப் பதிவு செய்துவரும் செய்தி. உண்மையான நிலத்தடியில் களிமண் அடுக்குகளும் பாறைப் பிளவுகளும் இருப்பதால் இந்த எண் அப்படியே பொருந்தாது. ஆனால் 'இந்த வருஷம் ஒரு மீட்டர்தானே இறங்கியிருக்கு' என்று சொல்பவருக்குப் பதில் சொல்ல இந்த ஒரு வகுத்தல் போதும்.

முழமும் மில்லியனும்

அலகு மாற்றத்தில்தான் புதிய மாணவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ஹவாய்த் தீவுக்கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று எரிமலை கனன்றுகொண்டிருக்கும் இடத்திலிருந்து காவாய் தீவு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதன் பாறைகளுக்கு வயது சுமார் 50 லட்சம் ஆண்டு. எரிமலையின் ஊற்று ஒரே இடத்தில் இருக்க, மேலே உள்ள தட்டு நகர்ந்து சென்றது. அப்படியானால் ஆண்டுக்கு எவ்வளவு நகர்ந்தது? 500 கிலோமீட்டர் என்பது 5 கோடி சென்டிமீட்டர். 50 லட்சத்தால் வகுத்தால் 10. ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர். கிலோமீட்டரைச் சென்டிமீட்டராக்கும்போது ஒரு பூஜ்யம் கூடிப்போனால் ஆண்டுக்கு ஒரு மீட்டர் என்று வரும். நகம் வளர்வது ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர். தட்டுகள் நகர்வதும் அந்த வரிசையில்தான் என்று ஒப்பிடப் பழகிய மாணவர், 'இது சரியாக இருக்காதே' என்று தானே நிறுத்திவிடுவார். விடை நம்பத்தக்கதா என்று நின்று பார்க்கும் இந்தப் பழக்கம், சூத்திரங்களை விடவும் முக்கியமானது என்பது நம் கருத்து.

நம் பிள்ளைகளுக்கு இதில் இரட்டைச் சுமை. பாடநூல் மில்லியன், பில்லியன் என்று பேசும். வீட்டிலும் கடையிலும் லட்சம், கோடி. ஒரு மில்லியன் 10 லட்சம், ஒரு பில்லியன் 100 கோடி. பூமியின் வயது 4.54 பில்லியன் ஆண்டு என்றால் 454 கோடி ஆண்டு. இதை 45 கோடி என்று எழுதிய செய்தியை நாம் படித்திருக்கிறோம். இதற்கு அளவுநாடா நல்ல மருந்து. 4.54 மீட்டர் நீளத்துக்கு நாடாவை விரித்து, ஒரு முனையைப் பூமியின் தொடக்கமாகவும் மறுமுனையை இன்றாகவும் வையுங்கள். ஒரு மில்லிமீட்டர் 10 லட்சம் ஆண்டு. டைனோசர்கள் அழிந்தது இந்த முனையிலிருந்து 6.6 சென்டிமீட்டர் தள்ளி. மனிதன் எழுத்தைப் பயன்படுத்தத் தொடங்கிய 5,000 ஆண்டுகள் 0.005 மில்லிமீட்டர், தலைமுடியின் தடிமனைவிட மிகக் குறைவு. வகுப்பில் இதைச் செய்துபார்க்கும் ஆசிரியருக்கு விகித சமம் பற்றித் தனியாக உரை நிகழ்த்த வேண்டிய அவசியம் இல்லை.

அலகு என்று வரும்போது அல்பிரூனியைச் சொல்லாமல் போக முடியாது. 11ஆம் நூற்றாண்டில், இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள நந்தனா கோட்டையில், மலையின் உயரத்தையும் உச்சியிலிருந்து பார்த்தால் அடிவானம் எவ்வளவு கீழே தெரிகிறது என்ற கோணத்தையும் அளந்து, பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். கோணம் அரை டிகிரியைச் சற்றே தாண்டியது. பாலைவனத்தில் ஆட்களை மைல் கணக்கில் நடக்கவிட்டு அளந்த முந்தைய முறையோடு ஒப்பிட்டால், ஒரு மலையும் ஒரு கோணமானியும் போதும் என்ற இந்த யோசனை வியக்கத்தக்கது. முக்கோணவியல் வகுப்புக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றும் '99 சதவீதம் துல்லியம்' என்ற பெருமிதச் செய்தியைப் பகிரும் முன் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். அவர் விடையை முழத்தில் சொன்னார். அந்த முழம் இன்றைய அளவில் எத்தனை சென்டிமீட்டர் என்று நாம் எடுத்துக்கொள்கிறோமோ அதைப் பொறுத்துத் துல்லியம் கூடும், குறையும். காற்றில் ஒளி வளைவதால் கோணத்திலும் சிறு பிழை வரும். அவருடைய முறைக்கு நாம் தரும் மரியாதை, முழத்தை நமக்கு வசதியாக நீட்டிக் கொள்வதில் இல்லை.

அரைவாழ்வுக் காலம், வெள்ளத்தின் நிகழ்தகவு ஆகிய இரண்டிலும் பிழை ஒரே மாதிரியானது. சொல்லைக் கேட்டதும் தவறான படம் மனத்தில் விழுந்துவிடுகிறது. கார்பன்-14இன் அரைவாழ்வு 5,730 ஆண்டு என்றால், 11,460 ஆண்டில் எல்லாம் தீர்ந்துவிடும் என்று பலர் எழுதுவார்கள். தீராது, கால் பங்கு மிஞ்சும். நூறாண்டு வெள்ளம் என்றால் ஒருமுறை வந்துவிட்டால் இனி நூறு ஆண்டு கவலையில்லை என்று நினைக்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதே அதன் பொருள். 30 ஆண்டு வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் அந்த வெள்ளம் ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு 26 சதவீதம். ஆற்றோரம் மனை வாங்குகிறவர் இதைத் தெரிந்து வாங்கட்டும்.

இடி முழக்கமும் நிலநடுக்கமும்

மின்னல் கண்ணில் பட்டதும் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கி இடி கேட்டதும் நிறுத்துவது நம் சிறுவயது விளையாட்டு. ஒளி முந்தும், ஒலி பிந்தும். இடைவெளி கூடினால் மின்னல் தொலைவில் என்று பொருள். நிலநடுக்கத்தைக் கண்டறியும் கணக்கும் இதுவே. பாறையில் முதலில் வருவது பி அலை. மேலோட்டில் நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் வேகம். அடுத்து வருவது எஸ் அலை, நொடிக்குச் சுமார் 3.5 கிலோமீட்டர். இரண்டும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கிளம்பியவை. இடைவெளி 30 நொடி என்றால் தொலைவு எவ்வளவு?

இங்கேதான் வென்னரும் பேயரும் சொல்லும் 'சமன்பாட்டைத் திருப்பி எழுதுதல்' வேலைக்கு வருகிறது. தொலைவை 3.5ஆல் வகுத்ததிலிருந்து தொலைவை 6ஆல் வகுத்ததைக் கழித்தால் 30. தொலைவைத் தனியே பிரித்தெடுக்க, 6ஐயும் 3.5ஐயும் பெருக்கிய 21ஐ, அவற்றின் வித்தியாசமான 2.5ஆல் வகுக்க வேண்டும், 8.4. ஆக, இடைவெளியின் ஒவ்வொரு நொடிக்கும் 8.4 கிலோமீட்டர். 30 நொடிக்கு 252 கிலோமீட்டர். திசை தெரியாது, ஆகவே நிலையத்தைச் சுற்றி 252 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம். இன்னும் இரண்டு நிலையங்களிலிருந்து இரண்டு வட்டங்கள். மூன்றும் சந்திக்கும் இடத்தில் நிலம் பிளந்தது. அறிமுக வகுப்புகளில் கவராயத்தோடு மாணவர்கள் செய்யும் இந்தப் பயிற்சியில், கணக்கு வராது என்று சொன்னவர்களும் வட்டங்கள் சந்திக்கின்றனவா என்று குனிந்து பார்ப்பார்கள்.

அளவுகோலில் ஒரு எண் கூடினால் அலையின் வீச்சு 10 மடங்கு, வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு. 2001இல் குஜராத்தின் புஜ் பகுதியைச் சிதைத்தது 7.7, 2004 டிசம்பர் 26இல் சுமத்ராவை ஒட்டி ஏற்பட்டது 9.1. 'ஒன்றே முக்கால் கூட இல்லையே வித்தியாசம்' என்று தோன்றும். ஆற்றலில் அது ஏறத்தாழ 125 மடங்கு.

அந்த 2004 காலையைத்தான் நாம் கடைசியாக எடுத்துக்கொள்ள விரும்புகிறோம். நாகூரிலும் நாகப்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் உறவினரை இழந்தவர்கள் இதைப் படிக்கக்கூடும் என்ற தயக்கத்தோடுதான் எழுதுகிறோம்.

கடலின் ஆழத்தைவிட அலையின் நீளம் மிகப் பெரிதாக இருப்பதால், சுனாமியின் வேகம் ஆழத்தை மட்டுமே பொறுத்தது. புவியீர்ப்பு முடுக்கமான 9.8ஐ ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். வங்கக் கடலின் ஆழத்தை 3,500 மீட்டர் என்று வைத்தால், பெருக்கல் 34,300; வர்க்கமூலம் 185. நொடிக்கு 185 மீட்டர், அதாவது மணிக்கு 667 கிலோமீட்டர். நிலநடுக்க மையத்திலிருந்து நாகப்பட்டினம் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். வகுத்தால் மூன்று மணி நேரம்.

நிலம் நடுங்கியது இந்திய நேரப்படி காலை 6.29. அலை நாகைக் கரையைத் தொட்டது 9 மணியை ஒட்டி. கணக்கு சொன்ன மூன்று மணிக்கும் நடந்த இரண்டரை மணிக்கும் ஏன் வித்தியாசம் என்று ஒரு மாணவர் கேட்டால், அவர் பிராட்டின் வரிசையில் உட்கார வேண்டியவர். பிளவு ஒரு புள்ளியில் நின்றுவிடவில்லை. வடக்கே நிக்கோபார், அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழிந்துகொண்டே போயிற்று. நமக்கு வந்த அலை இன்னும் அருகிலிருந்து கிளம்பியது. மையத்தை மட்டும் வைத்துத் தூரத்தை அளந்த நம் கணக்கு அதனால் அரைமணி பிந்தியது.

அலை கரையை நெருங்கும்போது ஆழம் 10 மீட்டர் என்று வைத்தால், அதே சூத்திரம் நொடிக்கு 9.9 மீட்டர் என்கிறது. மணிக்கு 36 கிலோமீட்டர். வேகம் குறைந்ததே என்று ஆறுதல் கொள்ள முடியாது. முன்னால் போகும் நீர் தயங்க, பின்னால் வரும் நீர் அதன்மேல் ஏறிக் குவிவதால்தான் அலை உயர்கிறது. மணலில் ஓடும் மனிதனுக்கு 36 கிலோமீட்டர் வேகம் வராது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

இரண்டரை மணி நேரம் கையில் இருந்தது. அன்று வங்கக் கடலில் எச்சரிக்கை ஏற்பாடு எதுவும் இல்லை. 2007இல்தான் ஹைதராபாத்தில் இந்தியச் சுனாமி எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. அங்கே கணினிகள் செய்யும் வேலையின் கரு, மேலே நாம் போட்ட பெருக்கலும் வர்க்கமூலமும்தான். ஆழம் இடத்துக்கு இடம் மாறுவதால் அதைப் பல்லாயிரம் முறை போட வேண்டியிருக்கிறது, அவ்வளவே. அமெரிக்க ஆசிரியர்களின் அந்தப் பாடத்தொகுப்பு யாரும் திறந்து படிக்கும்படிதான் இணையத்தில் இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில், அந்நாட்டு மாணவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நம் கடற்கரைப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புக்கு வர்க்கமூலம் நடத்தும் ஆசிரியர், வழக்கமான எண்களுக்குப் பதிலாக 34,300ஐக் கரும்பலகையில் எழுதி, இது எந்த எண் என்று பிள்ளைகளைக் கேட்கலாம்.